வரிசையும் போனது, மனுசனும் போனார்

யாழ்ப்பாணம்
6 ஒக்டோபர் 2024

மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று வாசித்தபோதுதான் மூச்சு வந்தது. படி ஏறக்கூடாது என்று டொக்டர் சொன்னால் ஏறாதே. உன் சுபாவம் எனக்குத் தெரியும், யாரும் பார்க்காத நேரம் பார்த்து நிலவறைக்கு இறங்கிப் பழைய கடதாசிகளைக் கிளறிக்கொண்டு இருப்பாய்.

இங்கே நாங்கள் சுகம். நல்லூர்த் திருவிழா முடிய, ஜனாதிபதித் தேர்தல் திருவிழா வந்து அதுவும் முடிந்துவிட்டது. ஒரு முழத்தையும் தாண்டிய வாக்குச்சீட்டு, 39 பேர், அதிலே முக்கால்வாசிப் பேரை எனக்கு மட்டுமல்ல, அவர்களுடைய அயலவர்களுக்கே தெரியுமோ தெரியாது.

நீ கடைசியில் சும்மா எழுதுவதுபோல எழுதிய அந்த ஒரு வரிதான் இரண்டு நாளாக என் மண்டைக்குள் சுற்றுகிறது. 'பெற்றோலும் காஸும் வரிசையில்லாமல் கிடைக்கச் செய்த மனுசனை 17 வீதத்தோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள், நன்றி கெட்ட சனம்' என்று. ரொறன்ரோவில் இருந்து பார்த்தால் ரணிலின் கதை அப்படித்தான் தெரியும், உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் பதில் எழுதாமல் விட மனம் வரவில்லை.

நன்றி இல்லை என்று மட்டும் சொல்லாதே. 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா, அந்த விலைக்கும் பெற்றோல் இல்லை. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இரண்டு இரவு பெற்றோல் செட்டுக்கு வெளியே பேப்பர் விரித்துப் படுத்தவன் நான், அறுபத்தைந்து வயதில். மனுசியின் பிரஷர் மாத்திரைக்கு ஐந்து பாமசி ஏறி இறங்கி, ஆறாவது கடையில் பாதி அட்டையை வெட்டித் தந்தார்கள், அதுவும் தெரிந்த முகம் என்றபடியால். அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் எழுபது வீதத்துக்குக் கிட்டப் போனது, சாப்பாட்டுச் சாமானுக்கு அதைவிடவும் மோசம். ஜனாதிபதி கோட்டா ஜூலையில் ஓடிப்போய், ஒரே ஒரு தேசியப்பட்டியல் ஆசனத்தோடு பாராளுமன்றத்துக்குள் வந்த ரணில் ஜனாதிபதியாகி, பெற்றோலுக்குக் கியூ.ஆர் அட்டை வந்து, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் 300 கோடி டொலர் கடனும் வந்து, வரிசை மெல்ல மெல்லக் கரைந்தது. இது எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள்.

அதுதான் விசயம். தேர்தலுக்கு முந்திய இரண்டு மாதமும் நான் கதை கேட்காத இடமில்லை, ஓய்வூதியகாரனுக்கு வேறு என்ன வேலை. சலூன், தேத்தண்ணீர்க் கடை, வாசிகசாலை, செத்தவீடு. எங்கே போனாலும் ஒரே வசனம்: 'ரணில் வரிசையை நிப்பாட்டினவர்தான், ஆனால்...' முதல் பாதியில் ஒருவருக்கும் சண்டையில்லை. அந்த 'ஆனால்' மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. தேர்தல் நடந்தது அந்த இடத்தில்தான்.

எங்கள் ஒழுங்கைக் கடைசியில் வெங்காயம் செய்கிறவரை உனக்கு ஞாபகம் இருக்கும், சின்ன வயதில் எங்களைத் தோட்டத்துக்குள் விடாமல் துரத்தினவரின் மகன். அவருடைய 'ஆனால்' மண்ணெண்ணெய். 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ஆனது. இறைக்கிற மெசினுக்கு அதைத்தானே ஊற்ற வேண்டும். குருநகர்ப் பக்கம் சின்னப் படகு வைத்திருக்கிறவர்களுக்கும் அதே கதை. 'வரிசை இல்லைத்தான் மாஸ்டர், வாங்குகிற ஆள் இல்லாவிட்டால் எங்கே வரிசை வரும்' என்று கேட்டார். பொருளாதாரப் பேராசிரியர் யாரும் எனக்கு அதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

சலூன்காரருக்குக் கரண்ட் பில். 2022 ஓகஸ்டில் 75 வீதம் ஏற்றினார்கள், ஆறு மாதம் கழித்து 66 வீதம், பிறகு கொஞ்சம் குறைத்தார்கள் என்றாலும் ஏறின அளவுக்கு இறங்கவில்லை. வற் வரி இந்த ஜனவரியில் 18 ஆனது. கொழும்பில் தனியார் கொம்பனியில் இருக்கிற என் மருமகனுக்கோ ஊழியர் சேமலாப நிதி: கடன் மறுசீரமைப்பு என்று வந்தபோது வங்கிகளை விட்டுவிட்டு எங்கள் ஓய்வுக்காலப் பணத்தில் கை வைத்தார்கள் என்று அவன் கொதித்துக்கொண்டே இருந்தான்.

இதிலே ஒரு குழப்பம் எல்லா இடத்திலும் கண்டேன். பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது என்று மேடையில் சொன்னால் சனம் கைதட்டவில்லை, முகத்தைச் சுளித்தது. தட்டாதது நியாயம்தான். விலை ஏறுகிற வேகம் நின்றது என்பது வேறு, ஏறின விலை இறங்கியது என்பது வேறு. ஆயிரம் ரூபாச் சாமான் இரண்டாயிரம் ஆகி அங்கேயே நின்றால் பணவீக்கம் பூச்சியம், ஆனால் என் ஓய்வூதியம் இரண்டு மடங்கு ஆகவில்லையே. கொழும்பிலே வெரிட்டே என்ற ஆய்வு நிறுவனம் அவ்வப்போது சனத்திடம் அரசாங்கத்தின் செயற்பாடு திருப்தியா என்று கேட்கும். 2023 ஜூனில் 21 வீதம் ஆம் என்றார்கள், ஒக்டோபரில் 9, இந்தப் பெப்ரவரியில் 7, தேர்தல் நெருங்கிய ஜூலையில் 24. டொலர் இறங்க இறங்க மனம் ஏறும் என்று நினைத்தவர்களுக்கு அந்த 7 விளங்கவே இல்லை. கடைக்குப் போய்த் தேங்காய் வாங்கியிருந்தால் விளங்கியிருக்கும்.

சரி, உன் சொல்லுக்கு வருகிறேன். 'இன்னொரு முறை கொடுக்கத் தகுதியில்லையா' என்று கேட்டிருக்கிறாய். இன்னொரு முறை என்று சொல்ல முதலில் ஒரு முறை கொடுத்திருக்க வேண்டுமே, மச்சான். நாங்கள் எங்கே கொடுத்தோம்? 2022 ஜூலை 20 இல் 134 எம்.பி.மார் கொடுத்தார்கள், அதில் பெரும்பாலானவர்கள் ராஜபக்சக்களின் மொட்டுக் கட்சிக்காரர், எந்தக் கூட்டத்தைத் துரத்தச் சனம் காலிமுகத்திடலில் படுத்துக் கிடந்ததோ அதே கூட்டம். வந்த இரண்டாம் நாள் விடியப்புறத்தில் ரணில் அந்தத் திடலுக்குள் இராணுவத்தை இறக்கினார். 2023 மார்ச்சில் நடந்திருக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் காசில்லை என்ற சாட்டில் நின்றுபோனது, அது அடிப்படை உரிமை மீறல் என்று இந்த ஓகஸ்டில், வாக்களிப்புக்குச் சரியாக ஒரு மாதம் இருக்க, உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வாக்குக் கேட்கிற மனுசனுக்கு அதைவிடக் கெட்ட சகுனம் வேறு இல்லை.

நம் நாட்டில் ஜனாதிபதிக் கதிரையில் இருந்துகொண்டே திரும்பக் கேட்டது ஐந்தே முறை. ஜே.ஆர். 1982 இல் வென்றார், நான்கு வருடத்திலேயே தேர்தல் வைக்கலாம் என்று அரசியலமைப்பைத் திருத்திவிட்டுத்தான் களத்தில் இறங்கினார், அது வேறு கதை. சந்திரிகா 1999 இல் குண்டு வெடித்து மூன்றாம் நாள், ஒரு கண்ணில் கட்டோடு வென்றார். மகிந்த 2010 இல் யுத்த வெற்றியைத் தலையில் வைத்து 58 வீதத்துக்குக் கிட்ட எடுத்தார். அவரே 2015 ஜனவரியில், இரண்டு வருடம் முந்தியே தேர்தலைக் கூப்பிட்டு, சாத்திரக்காரன் சொன்ன நாள் என்று ஊரெல்லாம் கதைக்க, 47.58 வீதத்தோடு தோற்றார். முதல் நாள் இரவு கூட இருந்து அப்பம் சாப்பிட்ட சிறிசேன மறுநாள் எதிர்ப்பக்கம் நின்றாரே, அந்தத் தேர்தல். ஐந்தாவது முறை ரணில். யுத்தத்தை முடித்ததற்கே தெற்கில் ஐந்து வருடத்துக்கு மேல் நன்றி நிலைக்கவில்லை, வரிசையை முடித்ததற்கு இரண்டு வருடம் எந்த மூலைக்கு? உன் பக்கத்து நாட்டில் மூத்த புஷ்ஷுக்கு வளைகுடாப் போர் முடிந்த கையோடு 89 வீதம் ஆதரவு இருந்ததே, அடுத்த வருடத் தேர்தலில் 37 வீத வாக்குத்தானே கிடைத்தது. அவர்களை நன்றி கெட்டவர்கள் என்று நீ எழுதினதாக எனக்கு ஞாபகம் இல்லை.

எங்கள் பக்கத்துக் கணக்கு இன்னொரு மாதிரி. 2005 இல் நான் வாக்களிப்பு நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தது உனக்குச் சொல்லியிருக்கிறேன். காலை ஏழு மணி தொடக்கம் பின்னேரம் வரை பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம், மூன்று பேர் தேத்தண்ணீர் குடித்தோம், பள்ளிக்கூட வளவுக்குள் நாய் ஒன்று வந்து படுத்துவிட்டு எழும்பிப் போனது. புறக்கணிப்பு என்று சொல்லிவிட்டார்கள், மாவட்டம் முழுவதும் நூற்றுக்கு ஒன்றேகால் பேர்கூட வரவில்லை. அந்த முறை ரணில் தோற்றது ஒரு லட்சத்து எண்பதாயிரம் வாக்கால். பத்தொன்பது வருடம் கழித்து அதே மனுசனுக்கு இதே மாவட்டம் 84 ஆயிரம் வாக்குப் போட்டிருக்கிறது, 22 வீதத்துக்கு மேல், நாட்டுச் சராசரியை விடக் கூட. ஆகவே நன்றி கெட்டவர்கள் என்ற பட்டத்தை எங்களுக்குத் தர முதல் காலிக்கும் மாத்தறைக்கும் கொடுத்துவிட்டு வா. இங்கே எதிர்க்கட்சித் தலைவர் சஜித் முன்னுக்கு, தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் ஐயாயிரத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் பின்னுக்கு, ரணில் மூன்றாவது. வென்ற அநுரவுக்கு வெறும் 27 ஆயிரம்தான். பார், நாடு ஒரு பக்கம் போக நாங்கள் மூன்று பக்கம் போயிருக்கிறோம், பழைய பழக்கம்.

எழுபத்தைந்தாவது சுதந்திர தினத்துக்கு முன் இனப்பிரச்சினைக்குத் தீர்வு என்று அவர் சொன்னதை இங்கே ஒருவரும் மறக்கவில்லை. 2023 பெப்ரவரி 4 வந்தது, அணிவகுப்பு நடந்தது, அவ்வளவுதான். மலையகத்தில் 1,700 ரூபா நாட்சம்பளமும் இப்படித்தான், மே தின மேடையில் அறிவித்து, வர்த்தமானியும் வந்து, பிறகு நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை ஒளிக்க முடியாது. இந்த இரண்டு மாதமும் ஊரெல்லாம் அந்த மனுசனைத் திட்டிக்கொண்டு திரிந்த நான், 21 ஆம் திகதி சீட்டை விரித்து வைத்துக்கொண்டு நின்றபோது, புள்ளடியைக் காஸ் சிலிண்டருக்கு நேரே போட்டுவிட்டேன். (அவருக்குக் கிடைத்த சின்னத்தைப் பார், எதற்கு வரிசையில் நின்றோமோ அதையே சின்னமாகக் கொடுத்திருக்கிறார்கள்.) அவருக்குத் தகுதி இருக்கிறது என்று தீர்மானித்துப் போட்டதில்லை. வெட்டின அந்தப் பாதி மாத்திரை அட்டை கண்ணுக்குள் வந்தது, பயத்தில் போட்டேன். வாக்களிப்பு நிலையத்துக்குள் இருபது தேர்தல் வேலை செய்தவனுக்கு வந்த பயத்தைப் பார்.

மனுசியோ மற்றப் பக்கம். 2022 இல் முதல் சிலிண்டர் வீட்டுக்கு வந்த அன்று ரணிலின் படத்துக்குக் கற்பூரம் கொளுத்தாத குறை. அவள் போட்டது அரியநேத்திரனின் சங்குக்கு. நான் போட்டதைச் சொன்னபோது சிரித்தாள். 'வரிசையில் நின்றது நானும் நீங்களும், அவரா நின்றவர்?' என்றாள். பிறகு சட்டியைக் கழுவிக்கொண்டே, 'அக்காவின் பெடியனைப் பற்றி ஒரு மேடையிலும் ஒருவரும் கதைக்கவில்லை' என்று சொன்னாள். 2009 இற்குப் பிறகு அந்தப் பிள்ளையின் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னது மிகக் குறைவு. நான் பேசாமல் வெளியே போய்ப் படலையைப் பூட்டினேன்.

அடுத்த மாதம் 14 ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தல். அநுரவுக்கு இங்கேயும் காற்று வீசுகிறது என்று பெடியள் சொல்கிறார்கள், போன மாதம் 27 ஆயிரம் எடுத்த இடத்தில். நம்புவதா என்று தெரியவில்லை, ஆனால் சலூன்காரர் இந்த முறை 'ஆனால்' போடாமல் கதைக்கிறார், அதைக் கவனித்தேன். யாருக்குப் போடப்போகிறாள் என்று மனுசி இன்னும் வாய் திறக்கவில்லை. நானும் இனி முன்கூட்டியே திட்டுவதாக இல்லை.

ஜனவரியில் வருவதாக எழுதியிருக்கிறாய். முழங்கால் சம்மதித்தால் வா, மாடிப்படி இல்லாத வீடு இது. வரும்போது சொக்லேட் வேண்டாம், எனக்கும் சீனி, அவளுக்கும் சீனி. நல்ல வெளிச்சமுள்ள ஒரு சின்ன ரோர்ச் லைட் கொண்டுவா, பழக்கம் விடவில்லை.

நேற்றுக் காலை சமைத்துக்கொண்டிருக்கக் காஸ் முடிந்துவிட்டது. போன் எடுத்தேன், கடைப் பெடியன் அரை மணித்தியாலத்துக்குள் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வெற்றுச் சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். மனுசி அடுப்பைப் பற்றவைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன் பழைய கூட்டாளி