உங்கள் வீட்டுக் குழாய் அறிந்த ஏரி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். இரண்டு நாள் சத்தமில்லாமல் இருந்துவிட்டு வர ஏரிக்கரை ஊர் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என் ஊரான காட்டுமன்னார்கோயிலையே சொல்லலாமா என்று சற்றுத் தயங்கினேன்; கொடைக்கானல் ஏரியைப் போல இங்கே வேடிக்கை காட்ட எவரும் இல்லை. ஆனால் நீங்கள் சென்னையில் போரூர்ப் பக்கம் குடியிருப்பவர். 2004-இல் நிறைவேறிய புதிய வீராணம் திட்டத்தின்படி, சேத்தியாத்தோப்பில் எடுக்கப்பட்டு வடக்குத்தில் சுத்திகரிக்கப்படும் தண்ணீர், 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய்க்குள்ளேயே நடந்து வந்து சேருவது போரூருக்குத்தான். ஆகவே எங்கள் வீராணம் ஏரியை உங்கள் வீட்டுக் குழாய் முன்பே அறியும். நீங்கள்தான் இன்னும் பார்க்கவில்லை.

பண்ருட்டி, நெய்வேலி வழியாகச் சேத்தியாத்தோப்பைக் கடந்து தெற்கே போகும் பழைய கும்பகோணம் சாலை, ஏரியின் கீழைக் கரையை ஒட்டியே செல்கிறது. பேருந்தில் வலப்பக்கச் சன்னலோரம் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். சுமார் 16 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கரைக்கு ஒருபுறம் தண்ணீர். மறுபுறம், அந்தத் தண்ணீரைவிடத் தாழ்ந்த மட்டத்தில், நெல்வயல். பார்த்தவர்கள் கடல்போல் இருக்கிறது என்பார்கள். எனக்கு அந்த உவமை பிடிப்பதில்லை. கடலுக்கு யாரும் கரை கட்டவில்லை. பத்தாம் நூற்றாண்டில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில் உருவான இந்த ஏரிக்கு அவனுடைய விருதுப்பெயரான வீரநாராயணன் என்பதே பெயராக அமைந்து, பின்னர் வீராணம் என்று சுருங்கியது. அவன் மகன் இராசாதித்தன், போர் வரும்வரை சும்மா இருந்த படைவீரர்களைக் கொண்டு வெட்டுவித்தான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

ஏரி நிரம்பி 47.5 அடியை எட்டியது என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அது ஆழம் அன்று. கடல் மட்டத்திலிருந்து கணக்கிடும் உயரம். இவ்வளவு பரந்த ஏரியின் கொள்ளளவு ஒன்றரை டி.எம்.சி., அதாவது 150 கோடி கன அடிகூட இல்லை என்பதால், பல இடங்களில் தண்ணீர் ஓர் ஆள் உயரம் இருந்தாலே அதிகம். அகலமாகவும் ஆழமில்லாமலும் இருப்பதால்தான் ஏரியின் முகம் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. மேட்டூரில் திறக்கும் காவிரி நீர் கல்லணையைத் தாண்டிக் கொள்ளிடத்தில் இறங்கி, 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையில் தேங்கி, அங்கிருந்து வடவாறு வழியாக எங்களுக்கு வருகிறது. வடவாற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்பதுதான் அப்போது டீக்கடையில் முதல் கேள்வி. அரசியல் அதற்கு அப்புறம். நீங்கள் தேடி வரும் அமைதியில் பாதி, தண்ணீருக்காகக் காத்திருப்பவர்களின் அமைதி.

கீழைக் கரை நெடுகிலும் மதகுகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றன் அருகே அரைமணி நேரம் உட்காருங்கள். கதவைத் திருகி ஒரு சாண் உயர்த்தினால் போதும். ஏரிப்பக்கம் அசையாமல் கிடக்கும் தண்ணீர், வயல்பக்கம் பழுப்பு நுரையாகக் கொப்பளித்து வெளியே வரும். அந்த நுரையில் எதிரேறித் துள்ளும் கெண்டைகளுக்காகச் சிறுவர்கள் பழைய கொசுவலையை நான்கு மூலையும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பெரும்பாலும் ஒன்றும் சிக்காது. அவர்களுக்கு அது பொருட்டாகவும் தெரிவதில்லை.

ஊருக்குள் பார்க்க வேண்டியவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வீரநாராயணப் பெருமாள் கோயிலுக்குப் போங்கள். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர் இது. உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலங்களைப் பறிமுதல் செய்யச் சொல்லும் இராசராசன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கொலைச் செய்தி என்றால் எவருக்கும் ஆர்வம் வந்துவிடுகிறது, உங்களுக்கும் வரும். பக்கத்து லால்பேட்டையில் அகத்தி மரங்களைப் பற்றி ஏறும் வெற்றிலைக் கொடிக்கால்களுக்குள் ஒருமுறை நுழைந்து பாருங்கள். நண்பகலிலும் உள்ளே ஈரமும் நிழலுமாக இருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். சித்திரை, வைகாசியில் வராதீர்கள். காவிரி பொய்த்த ஆண்டுகளில் ஏரி வெடித்த களிமண்ணாகக் கிடக்கும். நடுவில் ஆடுகள் மேயும். அந்த நாட்களில் சென்னைக்காரர் என்று சொல்லிக்கொண்டால், எங்கள் தண்ணீரைக் குடிப்பவர் என்று யாராவது குத்திப் பேசவும் கூடும். அதில் கோபம் பாதி, விருந்தோம்பல் பாதி என்று எடுத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்கும்போது வந்தால், ஏரியும் நிரம்பியிருக்கும், நீர்க்காகங்களும் கொக்குகளும் வந்து இறங்கியிருக்கும், மழையும் ஓரளவு ஓய்ந்திருக்கும்.

மாலை ஐந்தரைக்குள் கரைக்கு வந்துவிட வேண்டும். கீழைக் கரையில் நிற்பவருக்குச் சூரியன் தண்ணீருக்கு அப்பால்தான் இறங்கும். என் மிதிவண்டியைத் துடைத்துக் காற்றடித்து வைக்கிறேன். பிரேக் மட்டும் கொஞ்சம் தாமதமாகப் பிடிக்கும், கரைச் சரிவில் இறங்கும்போது கவனம்.

அன்புடன்,
வீராணத்துக் கரையிலிருந்து உங்கள் நண்பன்