ஓடைக்கரை நடை: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

வரும் வெள்ளிக்கிழமை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை இயற்கைக் காப்பகத்துக்குக் கூட்டிப்போகிறோம். ஓடையை ஒட்டி 2 கிலோமீட்டர் நடை. வேகமாக நடந்தால் அரை மணி நேரம் போதும். நாங்கள் 3 மணி நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறோம்.

ஏன் அவ்வளவு நேரம்? போன வாரம் பாதையைப் பார்த்து வர நானும் வகுப்பாசிரியரும் போயிருந்தோம். ஓடை வளையும் ஓரிடத்தில் உதிர்ந்த இலைகள் கற்களுக்கிடையே சிக்கி, கறுத்து ஊறிக் கிடந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தால், சதையெல்லாம் போய் நரம்பு மட்டும் வலைபோல மிஞ்சியிருந்தது. அதன் அடியில் விரல்நகம் அளவுக்கு ஒரு மணல் குழாய். குச்சி என்று கீழே போடப் போனேன், அது நகர்ந்தது! கேடிஸ் பூச்சியின் புழு. தன் வாயிலிருந்து வரும் பட்டிழையால் மணலை ஒட்டித் தனக்கு வீடு கட்டிக்கொள்கிறது.

மரநிழல் மூடிய சிற்றோடையில் வெயில் அதிகம் படாது, பாசியும் குறைவு. கரை மரங்கள் உதிர்க்கும் இலைதான் அங்கே முக்கியமான தீனி. முதலில் பூஞ்சை படர்ந்து இலையை இளக்கும், அப்புறம் புழுக்கள் தின்னும், புழுக்களை மீன்கள் தின்னும். நாம் குப்பை என்று கூட்டித் தள்ளுவது அங்கே சாப்பாடு. இதைப் பிள்ளைகள் குனிந்து, கை நனைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. இலை ஏன் நிறம் மாறுகிறது என்பதை வகுப்பில் நடத்தியாயிற்று. மஞ்சள் முன்பே இலைக்குள் இருப்பது, பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு பெரும்பாலும் இலை உதிரும் பருவத்தில்தான் புதிதாக உண்டாகிறது. வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

சரி, உடுப்புக்கு வருகிறேன். வெளிர் நிற முழுக்கால்சட்டை, நீளமான காலுறை. உண்ணி ஏறினால் சட்டென்று கண்ணில் படும். வீடு திரும்பியதும் முழங்கால் பின்புறம், அக்குள், காதோரம், தலைமுடி எல்லாம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். காலணி பழையதாக, ஆனால் அடிப்பிடிப்பு தேயாததாக இருக்கட்டும். ஈர இலை பொல்லாத வழுக்கு. அன்று நானே ஒருமுறை உட்கார்ந்துவிட்டேன், வகுப்பாசிரியர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாற்றுக் காலுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். கைப்பேசி வேண்டாம்.

காப்பகத்திலிருந்து இலை, கல் எதையும் கொண்டுவரக் கூடாது. புரட்டிய கல்லையும் இருந்தபடியே திருப்பி வைத்துவிடுவோம். வீட்டில் தம்பி தங்கைகள் இலை கேட்டால், தாளுக்கடியில் இலையை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த படம்தான் கிடைக்கும்.

தூறல் என்றாலும் போவோம். இடி, பலத்த காற்று என்றால் தள்ளிவைப்போம். ஒப்புதல் கடிதத்தைப் புதன்கிழமைக்குள் அனுப்புங்கள். பெற்றோரில் மூன்று பேர் கூட வந்தால் உதவியாக இருக்கும். அவர்களும் பழைய காலணியிலேயே வரலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்