'அ'வுக்கு முன் 'ட'

மழலையர் வீட்டிலேயே எழுத்துப் பழகும் கைவேலைகள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல யோசனைகள்தான், ஆனால் மினுமினுப்புத் தாள், வண்ணக் களிமண் என்று கடைக்கு அனுப்பும் பட்டியல் நீளம். அதைவிட, 'அ'வில் தொடங்கச் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்றரை வயது விரலுக்கு அந்தச் சுழி வளையாது. நேர்கோட்டு எழுத்துகளான ட, ப முதலில் வரட்டும். உயிர் 12, மெய் 18 என்ற வரிசையைப் பாட்டாகப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

என் பேத்திக்குப் பல்லாங்குழிப் புளியங்கொட்டையைக் கொடுத்து, முற்றத்து ஆத்தங்குடிக் கல்லின் விளிம்பையொட்டி 'ட' அடுக்கச் சொன்னேன். அப்புறம் 'ப'. "இது தண்ணித் தொட்டி அப்பத்தா" என்று நடுவில் இரண்டு கொட்டையை மீனாக விட்டாள். மறுநாள் வாசலில் கோலமாவில் அவளாகவே 'ப' போட்டாள். ('ழ' இன்னும் வாயிலேயே வரவில்லை, அவசரமுமில்லை.) கொட்டை வாய்க்குள் போகாமல் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமைதோறும் ஓர் எழுத்தை, எளியதில் தொடங்கி, அரைப் பக்க அளவில் தாங்கள் அச்சிட்டால் பிள்ளைகள் அதன்மேலேயே கொட்டை அடுக்குவார்கள்.

– ஒரு வாசகி, காரைக்குடி