வெள்ளைக்கல்லுக்குள் ஒரு சிவப்புக் கோடு

கருப்பூர், சேலம்

அன்புள்ள முருகேசா,

ஏற்காட்டில் காபி பூத்துவிட்டதாக உன் தங்கை சொன்னாள். பூ மழை இந்த வருஷம் நேரத்துக்கு வந்ததா? இங்கே பங்குனியிலேயே வெயில் கொளுத்துகிறது. அம்மா நலம், முழங்கால் வலிதான் விடவில்லை.

சரி, சேதிக்கு வருகிறேன். போன மாதம் என் மாணவியோடு ஜெர்மனியின் ஹாம்பர்க் போய் வந்தேன். அங்கே பெட்ரா-3 என்று 2.3 கிலோமீட்டர் சுற்றளவில் ஒரு வளையம். ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் எலக்ட்ரான்களைக் காந்தம் வளைக்கும்போது கொட்டுகிற ஒளிதான் சின்க்ரோட்ரான் கதிர். அதன் கீழே நாங்கள் வைத்தது நம் ஊர் வெள்ளைக்கல்லடா! அந்த மேக்னசைட்டைச் சுட்டால் கரியமில வாயு போய் மக்னீசியா மிஞ்சும், உலைச் செங்கலுக்குப் போகுமே, அதேதான்.

மக்னீசியாவை ஒளிர வைக்க முழுதாக உசுப்ப 7.8 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். 160 நானோமீட்டர் பக்கம் அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி. எங்கள் ஜெனான் விளக்கு அதுவரை எட்டாது. எட்டினாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனே அந்த ஒளியை விழுங்கிவிடும். அதனால் எல்லாம் வெற்றிடத்தில்தான். அங்கேதான் சறுக்கினோம். மக்னீசியா ஈரம் இழுக்கும் என்று தெரிந்தும் அதை அழுத்திச் செய்த வில்லைகளைச் சூடேற்றி உலர்த்தாமல் உள்ளே வைத்துவிட்டேன். ராத்திரி முழுக்க பம்ப் ஓடியும் அழுத்தம் இறங்கவில்லை. கிடைத்த மூன்று நாளில் ஒரு நாள் போயிற்று. அந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லாமல் வில்லைகளை எடுத்து மறுபடி சுட்டாள்.

மறுநாள் விடியற்காலை, ஹீலியத்தில் குளிர்ந்திருந்த வில்லை மேல் கதிர் விழுந்தது. திரையில் 698 நானோமீட்டரில் ஊசி மாதிரி ஒரு கோடு எழுந்தது. நல்ல சிவப்பு. குரோமியத்தின் அடையாளம்! வெள்ளைக்கல் நரம்பு ஓடுகிற டூனைட் பாறையில் உன் அப்பா கறுப்புப் புள்ளிகளைத் தொட்டுக் காட்டுவாரே, குரோமைட், குரோமியத் தாது, அதிலிருந்து துளி இதற்குள்ளும் வந்திருக்க வேண்டும். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த நேரம் உன் அப்பா பக்கத்தில் நின்றிருக்கக் கூடாதா என்று இருந்தது.

மற்ற இரண்டு வில்லைகளில் கோடு மங்கல். இரும்பு ஒளியை அணைத்துவிடும், அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இரும்புக் கறை படாத சுத்தமான கல் ஒன்று கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அப்பா குவாரியிலிருந்து கொண்டுவந்து சாமி மாடத்தில் வைத்த வெள்ளைக்கல் இன்னும் இருக்கிறதா? உன் அம்மாவிடம் கேட்டுப் பார். சம்மதித்தால் நகக்கண் அளவு சில்லு போதும். நானே ஞாயிற்றுக்கிழமை மேலே வருகிறேன்.

அன்புடன்,
செல்வம்