பழுதே இல்லாத போனுக்கு எதற்கு நூறு ரூபாய்?

எங்கள் கடைக்கு வந்துபோகும் அனைவருக்கும் வணக்கம்.

போன மாதத்திலிருந்து கல்லாவுக்கு மேலே ஒரு அட்டை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். "போன் பார்த்துச் சரிசெய்து தர ரூ. 100. பழுது இல்லாவிட்டாலும்." அந்தக் கடைசி வரிதான் பலருக்கும் உறுத்துகிறது. சிலர் சிரித்துவிட்டுப் போனார்கள். ஒரு பெரியவர் மட்டும் விடவில்லை. "ஒண்ணும் ஆகலைன்னு நீயே சொல்லுத, அப்புறம் எதுக்குப்பா நூறு ரூவா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்றைக்கு முகூர்த்த நாள், கடையில் நிற்க இடமில்லை, அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாமல் போய்விட்டது. அவரிடம் சொல்ல நினைத்ததை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

கடை ஆரம்பித்துப் பதினாறு வருடம் ஆகிறது. அப்போது வந்ததெல்லாம் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பழுது. எண் அழிந்த கீபேடு, தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்த போன், ஆடிக்கொண்டிருக்கும் சார்ஜிங் பின். கழற்றுவோம், துடைப்போம், மாற்றுவோம், காசு வாங்குவோம். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுத்தால் உங்களுக்கும் திருப்தி. இப்போதும் அந்த வேலைகள் வராமல் இல்லை. ஆனால் 'ஹேங் ஆகுது', 'தானா என்னமோ வருது', 'காசு போகுது' என்று கொண்டுவரும் போன்களில் பெரும்பாலும் திருப்புளிக்கு வேலையே இருப்பதில்லை. போன் நன்றாகத்தான் இருக்கிறது. அதைச் செய்தவர்களும் அதற்குள் செயலி போட்டவர்களும் எப்படி நடக்க வேண்டும் என்று நினைத்தார்களோ, இம்மி பிசகாமல் அப்படியே நடக்கிறது. அவர்கள் நினைத்ததில் உங்கள் சௌகரியம் சேரவில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் பூக்கட்டும் அக்கா ஒருவர் போனை முந்தானையில் பொதிந்து கொண்டுவந்தார். "வைரஸ் ஏறிட்டு தம்பி, பிள்ளை தொடக்கூடப் பயப்படுதா." வாங்கிப் பார்த்தேன். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை 'டிங்' என்றது. சிவப்பு முக்கோணம், 'உங்கள் போனில் 13 வைரஸ்கள்', கீழே 'உடனே நீக்கு' என்று ஒரு பட்டன். அழுத்தினால் காசு கேட்கும் ஒரு 'ஆன்டிவைரஸ்' பக்கத்துக்குப் போகிறது. வைரஸ் ஒன்றும் இல்லை. மகளின் பிளஸ் டூ ரிசல்ட்டைத் தேடும்போது ஏதோ ஒரு பக்கம் திறந்திருக்கிறது. 'நீங்கள் ரோபோ இல்லையென்றால் அலோ (Allow, அனுமதி) அழுத்தவும்' என்று கேட்டிருக்கிறது. ரோபோ இல்லைதானே, அழுத்திவிட்டார். அந்த ஒரு அழுத்தில், எப்போது வேண்டுமானாலும் கதவைத் தட்டும் உரிமையை அந்தத் தளம் வாங்கிக்கொண்டது.

குரோமில் மேலே மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். உள்ளே போனால் இருபத்துமூன்று தளங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சமையல் குறிப்பு, ஜாதகம், கிரிக்கெட் ஸ்கோர், இன்னும் வாயில் நுழையாத பெயர்கள். ஒவ்வொன்றாக எடுத்துவிட்டோம். அக்காவையும் கையோடு நாலைந்து எடுக்க வைத்தேன், அடுத்த தடவை வர வேண்டாமே. இருபது நிமிடம் ஆனது. மாற்றிய பாகம் எதுவும் இல்லை. இதற்குத்தான் அந்த நூறு ரூபாய்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ரோபோ இல்லை என்பதற்குக் கட்டத்தில் டிக் அடிக்கச் சொல்வார்கள், பஸ் இருக்கிற படத்தைத் தொடச் சொல்வார்கள். 'அலோ' கொடுக்கச் சொன்னால் ஏமாற்று. செயலிகளுக்கும் இதே கதைதான். 2022-ல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாகப் போடும் செயலி நோட்டிஃபிகேஷன் அனுப்ப உங்களிடம் கேட்டாக வேண்டும். வங்கி, மெசேஜ், ஆட்டோ கூப்பிடும் செயலி, சரி. துணி விற்கிற செயலிக்கு ராத்திரி பதினொன்றரைக்கு உங்களை எழுப்ப என்ன அவசியம்? கேட்கும்போதே மறுத்துவிடுங்கள். அதனால் செயலி வேலை செய்யாமல் போகாது.

அடுத்தது, காசு போகிற சமாச்சாரம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், கணக்கில் புலி. பாஸ்புக்கில் மாதாமாதம் 299 ரூபாய் கழிவதைப் பார்த்துவிட்டு, போனை யாரோ 'ஹேக்' செய்துவிட்டார்கள் என்று வந்தார். பார்த்தால், பென்ஷன் காகிதங்களை ஸ்கேன் செய்ய எப்போதோ ஒரு செயலி போட்டிருக்கிறார். மூன்று நாள் இலவசம், அப்புறம் மாதக் கட்டணம். வேலை முடிந்ததும் செயலியை அழித்துவிட்டார். "அழிச்சிட்டேனே, அப்புறம் எப்படி எடுப்பான்?" என்றார். செயலியை அழித்தால் சந்தா நிற்காது. வாடகை வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனால் வாடகை நிற்குமா, அதுபோல. பிளே ஸ்டோரில் வலது பக்கம் மேலே உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் என்பதற்குள் போய்த்தான் நிறுத்த வேண்டும். பணம் யுபிஐ வழியாகப் போனால் அந்தச் செயலியிலும் ஆட்டோபே என்று ஒரு பக்கம் இருக்கிறது. சாரின் போனில் ஒன்பது மாதம் ஓடியிருந்தது. 2,691 ரூபாய். நான் போனில் கால்குலேட்டரைத் திறப்பதற்குள் அவர் மனக்கணக்காகச் சொல்லிவிட்டார்.

இதில் வேடிக்கை, ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபரிலிருந்தே நடைமுறையில் இருக்கிறது. இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் சொல்ல வேண்டும். சாருக்கும் மாதாமாதம் சொல்லியிருக்கிறார்கள். மேலே ஒரு கடன் விளம்பரம், கீழே ஒரு ரம்மி விளம்பரம், நடுவில் அந்தக் குறுஞ்செய்தி. யார் படிப்பார்கள்? 15,000 ரூபாய்க்குள் இருந்தால் ஒவ்வொரு மாதமும் ஓடிபி கேட்க வேண்டியதில்லை. அதனால் இந்த மாதிரிச் சின்னத் தொகைகள் சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும்.

சேருவதற்கு ஒரு தொடல், விலகுவதற்கு எட்டுப் பக்கம். இந்தத் தந்திரங்களுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று ஹாரி பிரிக்னல் என்கிற இங்கிலாந்துக்காரர் 2010-ல் பெயர் வைத்தார். நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் பதின்மூன்று வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது. உங்களைக் கேட்காமல் கூடையில் காப்பீட்டையோ நன்கொடையையோ சேர்ப்பது, 'இன்னும் 2 மட்டுமே மீதம்' என்று பொய்யாக அவசரப்படுத்துவது, 'வேண்டாம், எனக்குப் பணம் மிச்சமாவதில் விருப்பமில்லை' என்று வேண்டாம் பட்டனிலேயே உங்களைக் குத்திக்காட்டுவது எல்லாம் அதில் வருகிறது. இதே வேலையை நான் என் கல்லாவில் செய்தால் சட்டையைப் பிடித்திருப்பீர்கள். போனில் நடந்தால் 'நமக்குத்தான் தெரியல' என்று நினைத்துக்கொள்கிறீர்கள். புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறேன், ஒரு தடவை பணம் திரும்பி வந்தது.

'ஸ்டோரேஜ் ஃபுல்' பற்றி நிறையச் சொல்ல வேண்டாம், குற்றவாளி யார் என்று உங்களுக்கே தெரியும். ரோஜாப்பூ, காபிக் கோப்பை, சூரிய உதயம், குட் மார்னிங். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா என்று போய்ப் படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்திவிட்டால் பாதித் தலைவலி தீரும். அனுப்புகிற பெரியப்பாவுக்கு மனக்கஷ்டம் இல்லை, உங்களுக்கும் இடம் மிச்சம். அழிக்கும் வேலையை மட்டும் நீங்கள் பக்கத்தில் இருந்தால்தான் செய்வோம். 'நீயே பார்த்துப் போடு' என்று போனையும், பாஸ்வேர்டு எழுதிய துண்டுச்சீட்டையும் கொடுத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போகாதீர்கள். எங்களை நம்புகிறீர்கள் என்பதில் சந்தோஷம். ஆனால் பேத்தியின் முதல் மொட்டைப் படத்துக்கும் ரோஜாப்பூவுக்கும் வித்தியாசம் உங்களுக்குத்தான் தெரியும். தவிர, உங்கள் வங்கிச் செயலியும் அதற்குள்தான் இருக்கிறது.

சார்ஜ் ஏறவில்லை என்று வருபவர்களுக்கு: நூறில் சேராது, இலவசம். முக்கால்வாசி நேரம் ஓட்டைக்குள் சட்டைப்பைப் பஞ்சு அடைந்திருக்கும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக நெம்பினால் வந்துவிடும். வீட்டிலேயே செய்யலாம், ஊக்கு மட்டும் விடாதீர்கள். பஞ்சு இல்லையென்றால் கேபிள். 'எல்லாம் சி டைப்தானே, ஏன் ஒண்ணு எழுபது ரூபா, ஒண்ணு நானூறு?' என்று கேட்கிறீர்கள். முனை ஒன்றாகிவிட்டது, உள்ளே ஒன்றாகவில்லை. சில கேபிளில் மின்சாரம் போகும் கம்பி மட்டும் இருக்கும், கம்ப்யூட்டரில் செருகினால் போனில் இருக்கும் படம் அதற்குப் போகாது. 60 வாட்டுக்கு மேல் போக கேபிளின் முனைக்குள் ஒரு சின்ன சிப் இருக்க வேண்டும். அதுவும் போதாது, உங்கள் போன் பெட்டியில் போட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் அந்தக் கம்பெனி சார்ஜரும் கேபிளும் சேர்ந்தால்தான் வரும். 2020-ல் ஆப்பிள் ஐபோன் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்தது, சுற்றுச்சூழலுக்காக என்றார்கள். அடுத்த வருடமே சாம்சங்கும் விலை உயர்ந்த போன்களில் எடுத்தது. சார்ஜர் விற்கிறவனாகிய நான் இதைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் குப்பை குறைந்ததாக என் கடைப் பின்பக்கத்தைப் பார்த்தால் தெரியவில்லை.

போன் மெதுவாகிவிட்டது, புதுசு வாங்கலாமா என்று கேட்டால் முதலில் பேட்டரியைப் பார்ப்போம். 2017 டிசம்பரில் ஆப்பிளே ஒப்புக்கொண்டது: பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்கள் திடீரென்று அணையாமல் இருக்க, அவற்றின் வேகத்தைத் தாங்களே குறைத்ததாக. வாங்கியவர்களிடம் அதை முன்கூட்டித் தெளிவாகச் சொல்லவில்லை. கெட்ட பெயர் வந்த பிறகு பேட்டரி மாற்றும் விலையைக் குறைத்தார்கள். பேட்டரி மாற்றியதும் பழைய வேகம் வந்த போன்களை இந்த மேஜையிலேயே பார்த்திருக்கிறேன். அதுவரை எத்தனை பேர் புதுப் போன் வாங்கியிருப்பார்கள்! ஆனால் போனின் பின்பக்கம் உப்பியிருந்தால் வேறு பேச்சே இல்லை. சார்ஜ் போடாதீர்கள், அமுக்கிப் பார்க்காதீர்கள், அப்படியே கொண்டுவாருங்கள்.

டிவியைப் பற்றிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஸ்மார்ட் டிவி இவ்வளவு மலிவாக எப்படிக் கிடைக்கிறது என்று. நீங்கள் டிவி பார்க்க, டிவி உங்களைப் பார்க்கிறது. அமெரிக்காவில் விசியோ என்ற கம்பெனி சுமார் 1 கோடியே 10 லட்சம் டிவிகளில் யார் என்ன பார்க்கிறார்கள் என்று அனுமதி இல்லாமல் பதிந்து விற்றதாகப் புகார் எழுந்து, 2017-ல் 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. முதன்முதலில் டிவியைப் போடும்போது வரும் நீளமான பக்கங்களில் எல்லாவற்றுக்கும் 'சம்மதம்' கொடுக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து மாட்டும் பையனிடம், பார்ப்பதைச் சேகரிக்கும் வசதியை அணைத்துத் தரச் சொல்லுங்கள். எங்கள் பையன் கேட்காமலே அணைத்துவிடுவான்.

நூறு ரூபாய் வாங்காத இன்னொரு இடம் உண்டு. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஃபைல் வரும். பெயர் ஏபிகே (.apk) என்று முடிந்தால் அது பத்திரிகை இல்லை, செயலி. போட்டுவிட்டால் உங்கள் குறுஞ்செய்திகளைப் படித்து ஓடிபியைத் திருடும். தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் போனையும் அது ஏற்கெனவே பிடித்திருக்கும். தெரியாமல் போட்டுவிட்டீர்கள் என்றால் முதலில் எங்களிடம் வராதீர்கள். அந்தப் போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு, வேறு போனிலிருந்து வங்கிக்கும், சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். வெட்கப்பட்டுக்கொண்டு சாயங்காலம் வரை மறைத்து வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். பேசி முடித்த பிறகு வாருங்கள், கடை மூடியிருந்தாலும் ஷட்டரைத் தட்டலாம்.

மற்றபடி, செவ்வாய், புதன் மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில் வந்தால் நிதானமாக உட்கார்ந்து பார்க்கலாம். வாசிப்புக் கண்ணாடி, கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு, இரண்டையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். பாஸ்வேர்டு ஞாபகம் இல்லையென்றால் அதற்கே ஒரு மணி நேரம் போய்விடும்.

கேள்வி கேட்ட பெரியவருக்கு ஒரு வார்த்தை: கோபத்தில் உங்கள் கண்ணாடிக் கூட்டைக் கடை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். பழுப்பு நிறம், உள்ளே ஒரு பஸ் டிக்கெட்டும் இருக்கிறது. கல்லாவுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கடைக்காரர்