ஒலிப்பதிவு மென்பொருளின் புதிய பதிப்பை ஸ்க்ரீன் ரீடரில் இயக்க முடியாதது குறித்த புகார்

அனுப்புநர்:
உங்கள் ஆண்டுச் சந்தாதாரர்,
அல்சூர், பெங்களூரு.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவின் தலைமை அலுவலர் அவர்களுக்கு.

பொருள்: புதிய பதிப்பு வந்த பிறகு ஸ்க்ரீன் ரீடரும் கீபோர்டும் கொண்டு உங்கள் மென்பொருளைப் பயன்படுத்த முடியாமல் போனது, பழைய பதிப்பைத் திருப்பித் தரக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஒலிப்பதிவும் எடிட்டிங்கும்தான் என் தொழில். சென்னையில் உள்ள ஆடியோபுக் பதிப்பாளர்களுக்குத் தமிழ் நூல்களைப் பதிவுசெய்து, சுத்தம் செய்து கொடுக்கிறேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடங்களையும் பதிவுசெய்து தருகிறேன், அதற்குப் பணம் வாங்குவதில்லை. இந்த இரண்டு வேலைக்கும் உங்கள் மென்பொருளைத்தான் நம்பியிருந்தேன். புதிய பதிப்பு என்னைக் கேட்காமல் தானாக வந்து இறங்கிய நாளிலிருந்து இரண்டும் நின்றுபோய்விட்டன.

சந்தா கட்டுவதற்கு முன் உங்கள் விற்பனைப் பக்கத்தை முழுவதும் படித்தேன். எல்லா வேலைகளையும் கீபோர்டிலேயே செய்யலாம் என்று அதில் எழுதியிருந்தது. பழைய பதிப்பில் அது உண்மையாகவே இருந்தது. ரெக்கார்ட், ஸ்டாப், கட், டிராக் மாற்றுவது எல்லாவற்றுக்கும் ஷார்ட்கட் இருந்தது. ஒரு விசையை அழுத்தினால் ஒலி அளவு எத்தனை டெசிபல் என்று, திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் என் ஸ்க்ரீன் ரீடரான என்விடிஏ சொல்லும். அந்தப் பதிப்பைச் செய்தவர்கள் எங்களையும் மனதில் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி என்றும் உண்டு. அவ்வளவு நன்றாக இருந்ததை எடுத்துவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

என் மேசையில் இருப்பவை விண்டோஸ் லேப்டாப், என்விடிஏ, யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், அதில் ஒரு கண்டென்சர் மைக், ஒரு ஹெட்ஃபோன். மவுஸ் கிடையாது.

முதல் கோளாறு என் கம்ப்யூட்டரையே ஊமையாக்கிவிட்டது. விண்டோஸில் ஒரு மென்பொருள் ஒலிச் சாதனத்தை மற்ற மென்பொருள்களோடு பகிர்ந்துகொள்ளலாம், அல்லது எக்ஸ்க்ளூசிவ் மோடில் தனக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தனக்கென்று எடுத்துக்கொண்டால் ஒலி வந்து சேரும் தாமதம் குறையும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அப்போது மற்ற எந்த மென்பொருளின் ஒலியும் அந்தச் சாதனத்தில் வராது, ஸ்க்ரீன் ரீடரின் குரலும் வராது. புதிய பதிப்பில் இதைத்தான் நீங்கள் இயல்பு அமைப்பாக ஆன் செய்து வைத்திருக்கிறீர்கள். மென்பொருள் திறந்த நொடியில் என் காதில் என்விடிஏவின் குரல் அறுந்துபோகிறது. உங்களுக்கு வேலையின் நடுவே திரை அணைந்துபோனால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் எனக்கு. செட்டிங்ஸில் போய் மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். செட்டிங்ஸைப் படித்துச் சொல்ல வேண்டிய குரல்தான் போய்விட்டதே! விண்டோஸோடு வரும் ஸ்க்ரீன் ரீடரான நரேட்டரை ஆன் செய்தாலும் அதுவும் இயல்பாக அதே சாதனத்தின் வழியாகத்தான் பேசுகிறது. இன்டர்ஃபேஸின் கேபிளைப் பிடுங்கினால் குரல் லேப்டாப் ஸ்பீக்கருக்குத் திரும்புகிறது. ஆனால் கேபிளோடு மைக்கும் போய்விடுகிறது, பிறகு எதை வைத்துப் பதிவுசெய்வது? கடைசியில் அண்ணன் மகன் வந்து பார்த்து, மவுஸ் கொண்டு அந்த அமைப்பை மாற்றிக் கொடுத்தான்.

அப்புறம்தான் மீதிப் பிரச்சினைகள் தெரிந்தன. டேப் விசையை அழுத்திக்கொண்டே போனால் ‘பட்டன், பட்டன், பட்டன்’ என்று மட்டும் கேட்கிறது. எது ரெக்கார்ட், எது ஸ்டாப், எது டிராக்கை அழிப்பது? ஒன்றுக்கும் பெயர் இல்லை. புதிய வசதிகளை அறிமுகப்படுத்தும் பெட்டி ஒன்று திறக்கிறது. எஸ்கேப் அழுத்தினாலும் மூடுவதில்லை, டேப் அழுத்தினால் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. டபிள்யூசிஏஜி என்ற உலகளாவிய அணுகல்தன்மை வழிகாட்டி, கீபோர்டில் நுழைந்த இடத்திலிருந்து கீபோர்டிலேயே வெளியே வர முடிய வேண்டும் என்று 2008-இலேயே சொல்லிவிட்டது.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ரெக்கார்ட் பட்டனைப் பற்றி. பதிவு ஓடிக்கொண்டிருக்கிறதா இல்லையா என்பது எங்கள் தொழிலில் முதலும் முக்கியமுமான தகவல். உங்கள் புதிய பதிப்பு இதை ஒரு நிறத்தால் மட்டும் காட்டுகிறது, ரெக்கார்ட் ஆனால் பட்டன் சிவப்பாகிறதாம். ஒருவர் மைக்கில் வாசித்துக்கொண்டிருக்கும்போது என் ஸ்க்ரீன் ரீடரை நான் ஓயாமல் பேசவிட முடியாது, என் கவனம் முழுக்க அவர் உச்சரிப்பில் இருக்க வேண்டும். இதற்குப் பழைய பதிப்பில் அருமையான ஏற்பாடு இருந்தது. பதிவு தொடங்கும்போது என் ஹெட்ஃபோனில் மட்டும் ஒரு சிறு பீப் ஒலி கேட்கும், நிற்கும்போது வேறு சுருதியில் இன்னொன்று. அவை பதிவில் விழாது. நடுவில் சந்தேகம் வந்தால் ஒரு விசையை அழுத்தி நிலையைக் கேட்டுக்கொள்ளலாம். அந்த ஒலியையும் எடுத்துவிட்டீர்கள், அந்த விசையையும் எடுத்துவிட்டீர்கள்.

இதனால் என்ன நடந்தது என்று சொல்கிறேன். எங்களுக்குப் பாடம் வாசித்துத் தருபவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. காக்ஸ் டவுனிலிருந்து விடியற்காலையில் ஆட்டோ பிடித்து வருவார். ஏழு மணி தாண்டினால் எங்கள் தெருவில் ஆட்டோ ஹார்ன், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், சோமேஸ்வரர் கோயில் மணி எல்லாம் சேர்ந்துகொள்ளும் என்பதால் அதற்குள் பதிவை முடித்துவிடுவோம். அன்று அரசமைப்புச் சட்டத்தின் அடிப்படை உரிமைகள் பற்றிய பாடம். நிதானமாக, சட்டப் பிரிவுகளின் எண்களைத் தெளிவாக உச்சரித்து, முழுவதையும் வாசித்து முடித்தார். கோப்பைத் திறந்து பார்த்தால் அதில் ஒன்றும் இல்லை. அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மறுபடியும் வாசியுங்கள் டீச்சர் என்று எப்படிக் கேட்பது? ‘பரவாயில்லப்பா, நாளைக்கு வரேன்’ என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய அந்தக் காலை வேளைக்கு உங்களிடமிருந்து பதில் வேண்டும்.

எடிட்டிங்கும் அதே கதைதான். நாங்கள் காதால் எடிட் செய்பவர்கள். ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே தவறு தொடங்கும் இடத்தில் ஒரு விசை, முடியும் இடத்தில் இன்னொரு விசை அழுத்திக் குறித்துக்கொள்வோம். வெட்டினால் எப்படி இருக்கும் என்று முன்னோட்டம் கேட்போம், மூச்சுச் சத்தம் பாதியில் அறுபடாமல் இருக்கிறதா என்று பார்ப்போம், பிறகுதான் வெட்டுவோம். வாசிப்பவர் தடுமாறினால் சில நொடிகள் பின்னால் போய், அவருக்குப் போட்டுக் காட்டி, சரியான இடத்திலிருந்து மேற்கொண்டு பதிவைத் தொடங்குவோம். இப்போது இவை எல்லாவற்றுக்கும் அலைவடிவப் படத்தின் மேல் மவுஸை வைத்து இழுக்க வேண்டும். ஒலி அளவும் ஏறி இறங்கும் ஒரு படமாக மாறிவிட்டது. ஆடியோபுக் தளங்களில் உச்ச அளவு மைனஸ் 3 டெசிபலைத் தாண்டக்கூடாது, பின்னணி இரைச்சல் மைனஸ் 60-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். எண்ணைச் சொல்லாத மீட்டரை வைத்துக்கொண்டு அதை நான் எப்படிச் சரிபார்ப்பது?

இதற்குக் காரணம் உங்கள் பொறியாளர்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். விண்டோஸ் தரும் வழக்கமான பட்டன்களை வைத்துச் செய்தால், அவற்றின் பெயர், வகை, நிலை மூன்றும் ஸ்க்ரீன் ரீடருக்குத் தாமாகப் போய்ச் சேரும். நீங்கள் புதிய தோற்றத்துக்காக எல்லாவற்றையும் நீங்களே வரைந்திருக்கிறீர்கள். வரையலாம், தவறில்லை. வரைந்தால் அந்த மூன்று தகவலையும் நீங்களே எழுதித் தர வேண்டும். அதற்கான வழியை மைக்ரோசாஃப்ட் 1997-லிருந்து தந்துகொண்டிருக்கிறது, இப்போது அது யூஐ ஆட்டோமேஷன் என்று வளர்ந்திருக்கிறது. ஆடியோ மென்பொருள் செய்பவர்கள் பலர் எடுத்துக்கொள்ளும் ஜூஸ் என்ற நிரல் கட்டமைப்பிலேயே 2021-இல் இந்த வசதி வந்துவிட்டது. ஒலி மென்பொருளில் இதெல்லாம் நடக்காத காரியம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பார்வையற்றவர்கள் கீபோர்டிலேயே வேலை செய்கிறார்கள். ரீப்பர் என்ற இன்னொரு ஒலிப்பதிவு மென்பொருளை ஸ்க்ரீன் ரீடரில் பேசவைக்க ஓசாரா என்ற இலவச நீட்சி இருக்கிறது. நான் பயன்படுத்தும் என்விடிஏவையே 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியவர் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற நிரலாளர்.

அப்படியானால் அங்கே போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். என் பழைய வேலைகள் எல்லாம் உங்கள் கோப்பு வடிவில் கிடக்கின்றன. அவற்றை வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட் பெட்டியிலும் பெயரில்லாத பட்டன்கள்தான்.

இதையெல்லாம் உங்கள் கஸ்டமர் கேருக்கு விவரமாக எழுதினேன். திரையில் என்ன தெரிகிறது என்று ஸ்க்ரீன்ஷாட் கேட்டார்கள். ஸ்க்ரீன் ரீடர் பேசுவதைப் பதிவுசெய்து ஒலிக்கோப்பாக அனுப்பினேன். அதற்கு வந்த பதில்: பார்வையுள்ள ஒருவரின் உதவியோடு பயன்படுத்திப் பாருங்கள். அதோடு டிக்கெட்டை மூடிவிட்டார்கள். எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்குக் கொடுக்கப்பட்ட பதில் அவ்வளவுதான் போலிருக்கிறது. ஆனால் நிறுவனத்தைக் கேட்கிறேன். ஒலிப்பதிவாளர் என்று என்னிடம் வேலை கொடுக்கிறார்கள். இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து மவுஸை நகர்த்தினால்தான் என்னால் பதிவுசெய்ய முடியும் என்றால் அந்த வேலையை எனக்கு ஏன் கொடுப்பார்கள்? யாருடைய தயவும் இல்லாமல், யாருக்கும் காத்திராமல் செய்யக்கூடிய தொழில் என்றுதான் இதைத் தேர்ந்தெடுத்தேன். கற்றுக்கொள்ள பல ஆண்டுகள் ஆயின. அதை ஒரு அப்டேட்டில் பிடுங்கிக்கொண்டீர்கள்.

சட்டம் என் பக்கம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தகவல் தொழில்நுட்பத்தின் அணுகல்தன்மைக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐஎஸ் 17802 என்ற தரத்தை 2021, 2022 ஆண்டுகளில் இரண்டு பகுதிகளாக வெளியிட்டிருக்கிறது. மென்பொருளும் அதன் எல்லைக்குள் வருகிறது. கேஒய்சி எனப்படும் வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பை இணையவழி செய்வது தொடர்பான வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. நான் தொழிலுக்காக வாங்கியதால் நுகர்வோர் ஆகமாட்டேன் என்று உங்கள் வழக்கறிஞர் சொல்லக்கூடும். சுயதொழிலில் பிழைப்புக்காகத் தானே பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. நான் வசிக்கும் ஊரிலேயே, அதாவது பெங்களூரிலேயே, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடவும் அது இடம் தருகிறது. உங்கள் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி.

வழக்குக்குப் போக எனக்கு ஆசை இல்லை. எனக்கு வேண்டியது வேலை செய்யும் மென்பொருள். முதலில், இந்த வாரமே பழைய பதிப்பின் இன்ஸ்டாலரைத் தாருங்கள், என் சந்தா அதில் செல்லும்படி செய்யுங்கள், தானாக அப்டேட் ஆவதை நிறுத்தும் வசதியையும் அதில் வையுங்கள். இதற்குப் பெரிய பொறியியல் வேலை எதுவும் தேவையில்லை, யாராவது ஒருவர் முடிவெடுத்தால் போதும். அடுத்த திருத்தத்தில் எக்ஸ்க்ளூசிவ் மோடை இயல்பாக அணைத்து வையுங்கள், பீப் ஒலியையும் நிலை சொல்லும் விசையையும் திருப்பிக் கொண்டுவாருங்கள். பட்டன்களுக்குப் பெயர் வைப்பதும், அலைவடிவத்தில் கீபோர்டால் தேர்ந்தெடுக்கும் வசதியும் கொஞ்சம் நாளெடுக்கும் என்று எனக்குத் தெரியும். எப்போது வரும் என்று தேதி சொன்னால் காத்திருக்கிறேன். இனி ஒவ்வொரு பதிப்பும் வெளிவருவதற்கு முன் ஸ்க்ரீன் ரீடர் பயன்படுத்துபவர்களிடம் கொடுத்துச் சோதியுங்கள், அந்த உழைப்புக்குச் சம்பளமும் கொடுங்கள். இந்த ஊரிலேயே அதற்குத் தகுந்த ஆட்கள் இருக்கிறார்கள். நான் அறிமுகம் செய்து வைக்கிறேன்.

இவற்றில் எதுவும் முடியாது என்றால், புதிய பதிப்பு வந்த நாளிலிருந்து மீதமுள்ள காலத்துக்கான சந்தாத் தொகையைத் திருப்பித் தாருங்கள். என் கோப்புகளை எல்லாம் வேவ் என்ற பொதுவான ஒலிக்கோப்பு வடிவில் மாற்றியும் தர வேண்டும். கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவுசெய்துவிட்டு ஆணையத்துக்குப் போவேன்.

சந்தா ரசீது, கஸ்டமர் கேரோடு நடந்த கடிதப் போக்குவரத்து, ஸ்க்ரீன் ரீடர் பேசுவதன் ஒலிப்பதிவு ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். ஒலிப்பதிவை உங்கள் வடிவமைப்பாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை முழுவதும் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பதிலை மின்னஞ்சலில் எழுத்தாகவே அனுப்புங்கள். கையெழுத்திட்ட கடிதத்தை ஸ்கேன் செய்து படமாக அனுப்பினால் என் ஸ்க்ரீன் ரீடரால் அதைச் சரியாகப் படிக்க முடியாது.

இப்படிக்கு,
உங்கள் ஆண்டுச் சந்தாதாரர்,
அல்சூர், பெங்களூரு.