‘நீர்மட்டம்’ என்று நாம் எதைச் சொல்கிறோம்? குளங்களில் உணரிகளை நிறுவுவோருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் குளங்களிலும் ஆறுகளிலும் வாவியிலும் இணைய உணரிகளை நிறுவத் திட்டமிடும் திணைக்களங்களின் பொறியியலாளர்களுக்கும், வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களின் ஆய்வுக் குழுவினருக்கும் வணக்கம்.

அடைமழை பெய்த ஒரு மாரி இரவில், வெவ்வேறு திட்டங்களின் கீழ் ஒரே குளத்தில் பொருத்தப்பட்டிருந்த இரண்டு கருவிகளின் தரவுகளை ஒரே வரைபில் கொண்டுவர முயன்றுகொண்டிருந்தேன். ஒரு கோடு 14.2 இலிருந்து 14.6 ஆக ஏறியது. மற்றது 312 இலிருந்து 300 ஆக இறங்கியது. இரண்டு நிரல்களின் தலைப்பும் ‘நீர்மட்டம்’ என்றே இருந்தது. முதலாவது, துருசின், அதாவது குளத்து நீரைத் திறந்துவிடும் மதகின், அடிமட்டத்திலிருந்து அடிக்கணக்கில் அளந்த உயரம் என்பதையும், இரண்டாவது, துருசுக் கோபுரத்தில் தொங்கும் மீயொலி உணரிக்கும் நீர்ப்பரப்புக்கும் இடைப்பட்ட தூரம், அதுவும் சென்ரிமீற்றரில், என்பதையும் கண்டுபிடிக்க விடியற்காலை ஆகிவிட்டது. கருவிகள் இரண்டும் பழுதின்றியே வேலை செய்தன. குளத்தில் தண்ணீர் ஏற ஏற இரண்டாவது எண் குறைவதுதான் சரி. ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பி ஒரு தானியங்கி எச்சரிக்கை இயங்கியிருந்தால், வெள்ளம் வடிகிறது என்றே அது வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை மக்களுக்குச் செய்தி அனுப்பியிருக்கும். அந்த நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

இதனால்தான், அடுத்த தொகுதிக் கருவிகளை வாங்குமுன், அவை பேசும் சொற்களின் பொருளை நாம் ஒன்றாக அமர்ந்து வரையறுக்க வேண்டும் என்று கேட்கிறேன். ஒரு துறையில் உள்ள பொருள்கள் எவை, அவற்றுக்கு இடையிலான உறவுகள் எவை என்பதைக் கணினியும் விளங்கிக்கொள்ளும்படி எழுதிவைக்கும் இந்த வேலையைத்தான் ஒன்டொலொஜி என்கிறார்கள். கருத்தாக்கம் ஒன்றின் வெளிப்படையான வரையறை என்று 1993 இல் கணினி அறிவியலாளர் தொம் குரூபர் அதைச் சுருக்கிச் சொன்னார். உணரிகளுக்கென நாம் புதிதாகத் தொடங்க வேண்டியதும் இல்லை. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2017 இல் பரிந்துரையாக வெளியிட்ட சோசா என்ற சொற்றொகுதி, நோக்கப்படும் பொருளையும் அதன் பண்பையும், உணரியையும், அளக்கும் முறையையும், பெறுபேற்றையும் தனித்தனியே வைக்கிறது. என் வரைபில் நடந்த குழப்பத்தை அதில் எழுதிப் பார்த்தால் தவறு உடனே தெரிந்துவிடும்: பொருள் ஒரே குளம், பண்போ ஒன்றில் நீரின் உயரம், மற்றதில் வெற்றிடத்தின் தூரம்.

நேரத்தையும் நாம் பிரித்தே வைக்க வேண்டும். புயற்காற்றில் தொலைபேசிக் கோபுரம் செயலிழந்து, கருவி சேமித்து வைத்த அளவுகள் ஆறு மணித்தியாலம் கழித்து வந்து சேரும்போது, அந்த அளவு எந்தக் கணத்துக்குரியது என்பதும் அது எப்போது கையில் கிடைத்தது என்பதும் வேறுவேறு செய்திகள். அதேபோல, வெள்ளம் அடித்துக்கொண்டு போன உணரிக்குப் பதில் புதியது பொருத்தினால் மாறுவது உணரி மட்டுமே. அது நின்ற பாலமும் அளந்த ஆறும் மாறுவதில்லை. வான்கதவை இயக்கும் மோட்டார்களுக்கு, ‘திற’ என்ற கட்டளையையும் ‘திறந்திருக்கிறது’ என்ற நிலையையும் வேறுபடுத்தும் சாரெஃப் என்ற ஐரோப்பியத் தரம் உதவும்.

ஆனால் இவை எவற்றிலும் நம்முடைய துருசு இல்லை, வயல்வெளியான வட்டை இல்லை, மாரியில் வெட்டிவிடும் ஆற்றுவாய் இல்லை. அந்தப் பகுதியை எழுத வேண்டியவர்கள் நாமே. உன்னிச்சைக் குளம் வான் பாய்ந்தால் நீர் ஆற்றுக்கும், ஆறு வாவிக்கும், வாவி முகத்துவாரம் வழியே கடலுக்கும் போய்ச் சேர்கிறது. ‘வழிந்து சேர்கிறது’ என்ற ஓர் உறவை, தொடர்ந்து கடத்தப்படும் உறவாக வரையறுத்துவிட்டால், குளத்துக்கும் வாவிக்கும் இடையிலான தொடர்பை யாரும் தனியே எழுதாமலே கணினி உய்த்தறியும். பாசனப் பரப்பு 80 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடமும் பெருங்குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களங்களிடமும் இருக்கும் நாட்டில், தண்ணீர் நிர்வாக எல்லை பார்த்து ஓடுவதில்லை என்பதைத் தரவும் அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு குளத்துக்கும் நிலையான ஓர் அடையாளமும், அதன்மேல் தமிழ், சிங்கள, ஆங்கிலப் பெயர்களும் இருக்கட்டும். ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறியதற்காக ஒரே குளம் பட்டியலில் மூன்று குளங்களாகிவிடக் கூடாது.

உலகம் முழுவதையும் வரையறுக்கும் பெரிய ஒன்டொலொஜியை நான் கேட்கவில்லை. அப்படித் தொடங்குபவை முடிவதில்லை. அது பதில் சொல்ல வேண்டிய இருபது கேள்விகளை முதலில் எழுதுவோம். அவற்றை எழுதும் மேசையில், வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானைமாரும் வாவி மீனவரும் இருக்க வேண்டும். கொள்வனவு ஆவணங்களில் இப்போதே ஒரு நிபந்தனையைச் சேர்த்துவிடலாம்: ஒவ்வொரு அளவும் எதனுடையது, எந்தப் பூச்சியப் புள்ளியிலிருந்து, எந்த அலகில், எந்த முறையில் எடுக்கப்பட்டது என்பதைக் கருவி வழங்குநர் எழுதித் தர வேண்டும். அடுத்த பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு முன் ஒரு நாளை ஒதுக்கித் தாருங்கள். இதுவரை நான் திரட்டிய சொற்பட்டியலோடும், 312 இலிருந்து 300 ஆக இறங்கிய அந்த வரைபோடும் வருகிறேன்.

இவ்வண்ணம்,
படுவான்கரையிலிருந்து ஒரு மென்பொருளாளர்